கிளம்பாத ராக்கெட், திறக்காத பாராசூட்: மாடல் ராக்கெட் கோளாறுகளுக்குக் கைவைத்தியம்

மாடல் ராக்கெட் கிட்டு கட்டுபவர்கள் என்னிடம் கொண்டுவரும் கோளாறுகளை எண்ணினால் பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது. ஆள் மாறுவார், கிட்டு மாறும், கோளாறு மட்டும் அதேதான். வரும்போதே "மோட்டார் சரியில்லைங்க" என்றுதான் வருவார்கள். ராக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தால், மோட்டார் பாவம், தன் வேலையைச் செய்துதான் இருக்கும். தப்பு பசையிலோ, டேப்பிலோ, ஒரு சொட்டுப் பெயின்டிலோ ஒளிந்திருக்கும்.

அதனால் ஒவ்வொரு கோளாறுக்கும் காசில்லாமல் பார்க்கக்கூடியதை முதலில் வைத்திருக்கிறேன். புதிதாக வாங்க வேண்டியது கடைசியில். வரிசை தாண்டாதீர்கள். நான் பேசுவது அட்டைக் குழாய், பால்சா என்ற லேசான மரத்தில் செய்த ஃபின் (வால் இறக்கை), கடையில் விற்கும் 13, 18, 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள கருமருந்து மோட்டார் (ராக்கெட்டைத் தள்ளும் மருந்து அடைத்த உறை) என்று இருக்கும் சின்ன ராக்கெட்டுகளைப் பற்றி மட்டும்.

## பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

முதலில் கன்ட்ரோலரின், அதாவது ஏவும் பட்டன் உள்ள பெட்டியின், சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுங்கள். அப்புறம் ஒரு முழு நிமிடம் நின்ற இடத்திலேயே நில்லுங்கள். அமெரிக்காவின் நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்ரி வகுத்த பாதுகாப்பு விதியில் இது 60 வினாடி என்று எண்ணோடு இருக்கிறது. "சும்மா ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன் அங்கிள்" என்று ஓடப் பார்த்த பையனின் காலரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். எதுவும் வெடிக்கவில்லை. அடுத்த முறையும் பிடித்து நிறுத்துவேன்.

நிமிடம் முடிந்ததா? சாவி போட்டபோது கன்ட்ரோலரில் விளக்கு எரிந்ததா இல்லையா என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இனி இரண்டு வழி.

விளக்கே எரியவில்லை

வயரின் நுனியில், மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டரைக் கவ்வும் கிளிப்பின் பற்களைப் பாருங்கள். போன தடவை பறந்தபோது படிந்த கரி கறுப்பாக ஒட்டியிருக்கும். இந்தக் கோளாறுக்கு நான் அதிகம் கண்ட காரணம் இதுதான். உப்புத்தாளால் நான்கு தேய் தேய்த்தால் உலோகம் பளிச்சென்று தெரியும். அதற்குப் பிறகும் எரியவில்லை என்றால் பேட்டரி தலைகீழாக இருக்கிறதா, சாவி அடிவரை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து இக்னைட்டர். அதன் நுனியில் இரண்டு கம்பிகளையும் இணைக்கும் மெல்லிய இழை, பொருத்தும்போதே அறுந்துபோவது உண்டு. வேறு ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் விளக்கு எரியவில்லையா? பழைய டார்ச்சிலிருந்து இழை பல்பு ஒன்றைக் கழற்றி, இக்னைட்டர் இருக்க வேண்டிய இடத்தில் கிளிப்பில் மாட்டுங்கள். எல்இடி வேண்டாம். சாவி போட்டுப் பட்டனை அழுத்தினால் பல்பு நன்றாக எரிய வேண்டும். எரியாவிட்டால் வயர் எங்கோ உள்ளே அறுந்திருக்கிறது, பெரும்பாலும் கிளிப்பில் பற்றவைத்த இடத்தில். சால்டரிங் தெரிந்தவர் கையில் ஐந்து நிமிட வேலை. தெரியாதென்றால் புது கன்ட்ரோலர்.

விளக்கு எரிகிறது, அழுத்தினால் சத்தமே இல்லை

இதில்தான் எல்லோரும் ஏமாறுவது. விளக்கு எரிந்தால் மின்சுற்று முழுமையாக இருக்கிறது என்று மட்டும்தான் பொருள். மின்சாரம் எந்த வழியாகச் சுற்றுகிறது என்று அது சொல்லாது. இரண்டு கிளிப்பும் ஒன்றோடொன்று உரசினாலும் எரியும், இரண்டும் அடியிலுள்ள தகட்டைத் தொட்டுக்கொண்டு நின்றாலும் எரியும். இக்னைட்டரின் இரண்டு கால்களும் முறுக்கிக்கொண்டிருந்தாலும் அப்படியே. குனிந்து, தரையோடு கண்ணை வைத்துப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் தெரியாது.

உரசல் எதுவும் இல்லையென்றால் பேட்டரி. விளக்குக்குத் துளி மின்சாரம் போதும், இக்னைட்டர் சூடாவதற்கு அப்படியல்ல. நான்கு ஏஏ பேட்டரி போடும் கன்ட்ரோலர் என்றால் நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள், அல்கலைனாக இருக்கட்டும். கடிகாரத்திலிருந்து இரண்டு, ரிமோட்டிலிருந்து இரண்டு என்று சேர்த்துப் போட்டு வருபவர்களிடம் வேறு எதையும் நான் பார்ப்பதே இல்லை.

இக்னைட்டர் புஸ்ஸென்று எரிந்தது, மோட்டார் பிடிக்கவில்லை

இக்னைட்டரின் நுனி மருந்தைத் தொடவில்லை. வேறு காரணம் தேட வேண்டாம். மோட்டாரை நாசில் (புகை வெளியேறும் துளை) மேலே வருமாறு பிடித்து, இக்னைட்டரை அடி தட்டும்வரை இறக்குங்கள். அதை அசையவிடாமல் பிளாஸ்டிக் அடைப்பானை அழுத்திச் செருகுங்கள். ராக்கெட்டை ஏவுமேடைக் கம்பியில் மாட்டியபின் கிளிப்பின் எடையும் வயரின் எடையும் சேர்ந்து இக்னைட்டரைக் கீழே இழுக்கும். வயரை ஏவுமேடையின் காலில் ஒரு துண்டு டேப்பால் கட்டிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

மூன்று புது இக்னைட்டர் போட்டும் பிடிக்காத மோட்டாரை ஒதுக்கிவிடுங்கள். குண்டூசியால் துளையைக் குத்திப் பார்க்கக் கூடாது, திரி வைத்துப் பற்றவைக்கக் கூடாது. கருமருந்து மோட்டார் என்றால் வாளித் தண்ணீரில் போட்டு, அட்டைச் சுற்று தானாகப் பிரிந்து மருந்து கரையும்வரை விட்டுவிடுங்கள்.

## மோட்டார் எரிகிறது, ராக்கெட் கம்பியை விட்டு வரவில்லை

ராக்கெட்டின் பக்கவாட்டில் உறிஞ்சுகுழல்போல ஒட்டியிருக்கிறதே, அந்தச் சின்னக் குழாய்க்குள் பெயின்ட் போயிருக்கும். இல்லாவிட்டால் கம்பியில் கரியோ துருவோ. இரண்டு துண்டாக வரும் கம்பியில் இணைப்பு இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் ராக்கெட்டும் தட்டும். ஒவ்வொரு தடவையும் ராக்கெட்டைக் கம்பியின் உச்சியில் விட்டால், தன் எடையிலேயே அடிவரை வழுக்கி இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் அன்றைக்குப் பறக்காது. கம்பியை உப்புத்தாளால் துடைத்துவிட்டு மறுபடியும் விட்டுப் பாருங்கள்.

கம்பியின் நுனி கண்ணுக்கு நேராக நிற்கிறதென்றால் அதற்கு ஒரு மூடி போடுங்கள். குனியும்போது கண்ணில் குத்தும் பொருள் அது.

## கிளம்பியது, ஆனால் நேராகப் போகவில்லை

"கோணலாப் போச்சு" என்று சொன்னால் எனக்குப் போதாது. எப்படிக் கோணல்? மூன்று விதம் உண்டு, மூன்றுக்கும் மருந்து வேறு.

கரணம் அடித்தது, சக்கரம்போலச் சுழன்றது

இது ஆபத்து. உடனே அந்த ராக்கெட்டை ஓரம் கட்டுங்கள். பின்பாரம் கூடிவிட்டது என்பதுதான் சங்கதி.

கிட்டு வந்த பெட்டியைத் திறந்து பாருங்கள். மூக்குக்குள் வைக்கச் சொல்லிக் கொடுத்த களிமண் உருண்டை இன்னும் அந்தப் பிளாஸ்டிக் உறையிலேயே தூங்கிக்கொண்டிருக்கும். சிரிக்காதீர்கள், நானே ஒருமுறை இப்படித்தான். அது இல்லையென்றால், கிட்டின் பட்டியலில் இல்லாத பெரிய மோட்டாரைப் போட்டீர்களா? வால் பக்கம் சந்தடைக்கும் பட்டியும் பெயின்டும் பசையும் அப்பிவைத்தீர்களா? ஃபின் ஏதாவது கிளம்பும்போதே கழன்றதா?

சந்தேகம் தீர்க்க ஒரு நூல் போதும். புது மோட்டார் (இக்னைட்டர் இல்லாமல்), வாடிங் (பாராசூட்டைச் சூட்டிலிருந்து காக்கும் தாள்), பாராசூட் எல்லாம் ஏற்றி, பறக்கத் தயாரான நிலைக்கு ராக்கெட்டைக் கொண்டுவாருங்கள். எரியாத மோட்டார்தான் வாலில் அதிக எடை, அதனால் அதோடுதான் சோதிக்க வேண்டும். விரல் மேல் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். அந்த இடத்தில் நூலைச் சுற்றி, நகராமல் டேப் ஒட்டி, இரண்டரை மூன்று மீட்டர் நூல் விட்டு, தலைக்கு மேலே மெதுவாகச் சுற்றத் தொடங்குங்கள். முதல் ஒன்றிரண்டு சுற்றுக்கு ராக்கெட் தள்ளாடும். வேகம் வந்ததும் மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு, கயிறு கட்டிய பறவைபோல ஓடினால் சரி. வால் முன்னால் வந்தாலோ, குறுக்காகவே நின்று சுற்றினாலோ மூக்கில் எடை சேருங்கள். சுண்டைக்காய் அளவு களிமண், மறுபடி சமநிலைப் புள்ளி, மறுபடி சுற்று. புள்ளி சில மில்லிமீட்டர் முன்னால் நகர்ந்தாலே நடத்தை மாறுவதைக் கையிலேயே உணரலாம்.

இந்தச் சோதனை கொஞ்சம் கறாரானது. பறக்கக்கூடிய சில ராக்கெட்டுகளும் இதில் தோற்கும். அப்படிப்பட்டதை ஓப்பன்ராக்கெட் என்ற இலவச மென்பொருளில் அளவுகளோடு உள்ளிட்டுப் பார்க்கலாம். ஈர்ப்பு மையம் (அந்தச் சமநிலைப் புள்ளி) அழுத்த மையத்துக்கு (காற்றின் விசை செயல்படும் புள்ளி) முன்னால், குறைந்தது குழாயின் ஒரு விட்ட அளவு தள்ளி இருக்க வேண்டும். களிமண் சேர்த்துச் சேர்த்து ராக்கெட் மோட்டாருக்கு மீறிய கனமாகிவிட்டால், இனி ஃபின்னைப் பெரிதாக்குவதுதான் வழி. அந்தக் கட்டத்தில் அனுபவமுள்ள ராக்கெட் கிளப் ஆள் ஒருவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

காற்று வரும் பக்கமாகச் சாய்ந்து, அந்தத் திசையில் நேராகப் போனது

இது கோளாறே இல்லை. ஃபின்கள் வேலை செய்கின்றன என்பதற்கு அத்தாட்சி. கூரைமேல் காற்றின் திசை காட்டும் சேவல் பொம்மை காற்றுக்கு முகம் திருப்புவதுபோல ராக்கெட்டும் திருப்புகிறது. மெதுவாகக் கம்பியை விட்டுக் கிளம்பும் ராக்கெட் அதிகம் திரும்பும். கனமான ராக்கெட்டுக்குப் பட்டியலில் உள்ளவற்றுள் சராசரி உந்துவிசை கூடிய மோட்டாரைப் போடுங்கள், நீளமான கம்பி வையுங்கள். காற்று மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் பெட்டியை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். கம்பியைச் சாய்த்துச் சரிக்கட்டப் பார்ப்பவர்கள் செங்குத்திலிருந்து 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. நான் அதில் பாதிகூடச் சாய்ப்பதில்லை.

நேராகத்தான் போனது, திருகாணிபோலத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு

ஃபின் ஒன்று லேசாகச் சாய்ந்து ஒட்டியிருக்கிறது. உயரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பிய்த்து ஒட்டாதீர்கள். அடுத்த கிட்டில், கதவுச் சட்டத்தின் உள்மூலையில் குழாயைச் சாய்த்து வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். அதைவிட நேரான கோடு கிடைக்காது.

## ஃபின் கழன்று வந்துவிட்டது

ஒட்டிவிடலாம். ஆனால் முதலில் உடைந்த இடத்தை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அது வாக்குமூலம் கொடுக்கும்.

ஃபின்னின் அடியில் குழாயின் காகிதம் உரிந்து ஒட்டிக்கொண்டிருந்தால் உங்கள் பசை நல்ல பசை. தப்பு, குழாயின் மேலுள்ள வழவழப்பான படலத்தைத் தேய்க்காமல் ஒட்டியது. ஃபின் நிற்கும் கோட்டில் மட்டும் உப்புத்தாள் போட்டு, மினுமினுப்புப் போனபின் ஒட்டுங்கள்.

பசை கண்ணாடிபோலச் சுத்தமாகப் பிரிந்து வந்திருந்தால், பெயின்ட் அடித்தபின் ஒட்டியிருப்பீர்கள். இல்லையென்றால் சூப்பர் க்ளூ மட்டும் போட்டிருப்பீர்கள். அது கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் தரையில் மோதும் அதிர்ச்சியில் சட்டென்று விட்டுவிடும். மரப்பசையை இரண்டு தரம் போடுங்கள். முதலில் மெல்லியதாகத் தடவி, வைத்து எடுத்துவிட்டு, பிசுபிசுப்பு வந்ததும் இரண்டாம் பூச்சோடு நிரந்தரமாக வைப்பது. காய்ந்தபின் மூலையில் விரலால் ஒரு பசைக்கோடு இழுங்கள். அந்தக் கோட்டைத் தடிமனாக ஒரே தடவையில் போட்டால் காயும்போது உள்ளே குமிழ் விழும்.

ஒட்டு நன்றாக இருந்து, மரமே முறிந்திருந்தால்? பால்சாவின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். ஃபின்னின் முன்விளிம்புக்கு இணையாக, குழாயிலிருந்து வெளியே நோக்கி ஓட வேண்டும். குழாயோடு இணையாக ஓடினால் அது அப்பளம்தான். அப்படி வெட்டியதை எந்தப் பசையும் காப்பாற்றாது, புதுப் பலகையில் வெட்டுங்கள்.

## மோட்டார் கூடு குழாயின் பாதியில் ஒட்டிக்கொண்டது

இதைப் பற்றி எழுதும்போது இன்னும் வயிறு கலங்குகிறது. மூன்று வாரம் செலவழித்த ஒரு ராக்கெட். மோட்டார் கூட்டின் (மோட்டாரைத் தாங்கும் உள்குழாய்) வளையங்களில் மஞ்சள் மரப்பசையைத் தாராளமாகத் தடவி, குழாய்க்குள் தள்ளினேன். பாதி தூரம் போனதும் பென்சில் குறி நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு மூச்சு நிறுத்தினேன். அவ்வளவுதான். பசையின் ஈரத்தை வளையமும் குழாயும் உறிஞ்சிக்கொண்டன, வளையம் குழாயைக் கவ்விக்கொண்டது. இழுத்தால் வரவில்லை, தள்ளினால் போகவில்லை. வேகமாக அழுத்தியதில் குழாய் மடங்கியது.

இது வராமல் இருக்க: முதலில் பசையில்லாமல் உள்ளே விட்டுப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் வளையத்தின் ஓரத்தைத் தேய்த்து, விரலால் தள்ளினால் போகும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். பசையை வளையத்தில் தடவாமல், ஒரு நீளக் குச்சியால் குழாயின் உள்ளே, வளையம் போய் நிற்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் தடவுங்கள். எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்பதை, எரிந்து முடிந்த பழைய மோட்டார் ஒன்றின் மேல் குறித்துக்கொண்டு, அதையே தள்ளுகோலாக வைத்து ஒரே மூச்சில் தள்ளுங்கள். நேராக இருக்கிறதா என்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டதா? ஒரு சென்டிமீட்டர்வரை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அப்படியே விடுங்கள், பறப்பதற்கு ஒன்றும் ஆகாது. அதற்கு மேல் என்றால் இழுத்து மல்லுக்கட்டாதீர்கள். குழாயை வெட்டி இணைப்புக் குழாய் போட்டு நீட்டலாம், ஃபின் இன்னும் ஒட்டவில்லை என்றால் புதுக் குழாயே வாங்கிவிடலாம். கிட்டில் மிக மலிவான பொருள் குழாய்தான், அதற்காகவா ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்குவது?

## பெயின்ட் பாழாகிவிட்டது

ராக்கெட்டில் பறப்பது ஐந்து நிமிடம், பெயின்ட் ஐந்து நாள். அதை ஐந்து மணி நேரத்தில் முடிக்கப் பார்ப்பதுதான் கீழே உள்ள பாதிக் கோளாறுகளுக்கு மூலம்.

முதலைத்தோல்போலச் சுருங்கியது. இரண்டாம் பூச்சைத் தவறான நேரத்தில் அடித்தீர்கள், அல்லது எனாமல் மேல் லாக்கரை அடித்தீர்கள். கேனின் பின்பக்கம் பொடி எழுத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பல எனாமல் கேன்களில் "ஒரு மணி நேரத்துக்குள் அடுத்த பூச்சு, இல்லையேல் 48 மணி நேரம் கழித்து" என்று இருக்கும். இடைப்பட்ட நேரத்தில் மேலே தோல் கட்டி உள்ளே இளகலாக இருக்கும். அப்போது அடித்தால் கண்ணெதிரே, கொதிக்கும் பால் ஆடை சுருங்குவதுபோலச் சுருங்கும். அந்த நொடியில் துணியால் துடைக்கத் தோன்றும். வேண்டாம், இன்னும் அசிங்கமாகும். ஒரு வாரம் காயவிடுங்கள், 220 எண் உப்புத்தாளால் சமமாகத் தேய்த்து, ப்ரைமரிலிருந்து மறுபடி தொடங்குங்கள். வேறு வேறு கம்பெனிக் கேன்களைக் கலப்பதாக இருந்தால், மீந்த குழாய்த் துண்டில் முதலில் அடித்துப் பாருங்கள்.

வழிந்து ஓடியது. கேன் அருகில் வந்துவிட்டது. ஒரு சாண் தூரத்துக்குக் குறையாமல், 25 சென்டிமீட்டர் வாக்கில் வையுங்கள். ராக்கெட்டுக்கு வெளியே பீய்ச்சத் தொடங்கி, ராக்கெட்டைக் கடந்து, வெளியே போய் நிறுத்துங்கள். முதல் பூச்சில் அடியிலுள்ள நிறம் தெரியத்தான் வேண்டும்.

மணல்போலச் சொரசொரப்பு. இதற்கு நேர் எதிர். கேன் ரொம்பத் தூரம், அல்லது வெயிலும் காற்றும். பெயின்ட் குழாயைத் தொடுமுன்பே பாதி காய்ந்துவிடுகிறது. 400 எண் தாளால் லேசாகத் தேய்த்து இன்னொரு பூச்சு.

பால்போல வெளுத்தது. காற்றில் ஈரம் அதிகம். மழைக்கால நாளில், மழை வரப்போகும் மாலையில் அடிக்காதீர்கள்.

குழாயின் சுருள்கோடும் பால்சாவின் ரேகையும் தெரிகின்றன. பெயின்ட் எதையும் மறைக்காது, பளபளப்பாக்கிக் காட்டித்தான் கொடுக்கும். மரப் பட்டியைத் தண்ணீர் விட்டுப் பெயின்ட் பதத்துக்குக் கரைத்து, ஃபின்னில் தூரிகையால் தடவி, காய்ந்ததும் 220, பிறகு 400. சுருள்கோட்டுக்கும் அதே பட்டியைக் கொஞ்சம் கெட்டியாக. மரம் கண்ணாடிபோல ஆகும்வரை இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான்.

டேப்புக்கு அடியில் நிறம் கசிந்தது. டேப் ஒட்டியபின் அதன் ஓரத்தில் முதலில் பழைய நிறத்தையே ஒரு மெல்லிய பூச்சு அடியுங்கள். கசிய வேண்டியது அதுவே கசிந்து சந்தை அடைத்துவிடும், தெரியவும் தெரியாது. பிறகு புது நிறம். முழுதாகக் காய்வதற்கு முன்பே, டேப்பைப் பின்னோக்கி மடக்கி மெதுவாக உரியுங்கள்.

ஒளிரும் ஆரஞ்சு, ஒளிரும் பச்சை மங்கலாக இருந்தால் அடியில் வெள்ளை இல்லை. மூக்கின் கழுத்திலும் குழாயின் உள்வாயிலும் பெயின்ட் படாமல் அடைத்துவிட்டு அடியுங்கள். ஏன் என்பது பாராசூட் பகுதியில் வரும்.

எல்லாம் கைமீறிவிட்டது என்று தின்னரில் முக்கி உரிக்க நினைக்காதீர்கள், அட்டைக் குழாய் தாங்காது. தேய்ப்பதுதான் ஒரே வழி. ஸ்ப்ரே வேலை வீட்டுக்கு வெளியே, முகமூடியோடு, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில்.

## பாராசூட் வேலை செய்யவில்லை

ராக்கெட் தரையில் குத்தி நிற்கிறதா? எடுத்துத் துடைக்காதீர்கள். கிடந்த நிலையிலேயே பாருங்கள்.

மூக்கு இன்னும் குழாயிலேயே இருக்கிறது, மோட்டாரும் இருக்கிறது

மூக்கு இறுக்கம். அதன் கழுத்தில் பெயின்ட் படிந்திருக்கும், அல்லது ஈரத்தில் குழாய் ஊதியிருக்கும். மூக்கை மட்டும் பிடித்து ராக்கெட்டைத் தூக்கினால் தொங்க வேண்டும், லேசாகக் குலுக்கினால் கழல வேண்டும். அதுதான் பதம். இறுக்கமென்றால் தேய்க்கவும், தொளதொளவென்றால் கழுத்தில் மாஸ்கிங் டேப் ஒரு சுற்று.

அதுவும் சரியென்றால் மோட்டார் உறையில் உள்ள எழுத்தைப் படியுங்கள். சி6-5 என்றால் சி ரகம் (மோட்டாரின் மொத்தச் சக்தியைக் குறிக்கும் எழுத்து), சராசரி உந்துவிசை 6 நியூட்டன், மருந்து எரிந்து முடிந்து 5 வினாடி கழித்துப் பாராசூட்டைத் தள்ளும். கடைசி எண் 0 என்றால் அது பல அடுக்கு ராக்கெட்டின் கீழ் அடுக்குக்கானது. அதில் தாமதமும் இல்லை, பாராசூட்டைத் தள்ளும் மருந்தும் இல்லை. சி6-0 போட்டுவிட்டுப் பாராசூட் வரவில்லை என்று வானத்தைப் பார்த்தவரை எனக்குத் தெரியும். ரொம்ப நெருக்கமாகத் தெரியும்.

மோட்டாரைக் காணோம்

பாராசூட்டைத் தள்ள வேண்டிய அழுத்தம் மோட்டாரையே பின்னால் துப்பிவிட்டது. மோட்டாரைப் பிடித்திருக்கும் கொக்கி வளைந்திருக்கிறதா பாருங்கள். கொக்கி இல்லாத ராக்கெட்டில் மோட்டாரைச் சுற்றிய டேப் போதவில்லை. இடுக்கியில்லாமல் உருவ முடியாத அளவுக்கு இறுக்கமாக இருக்கட்டும்.

மூக்கு கழன்றது, பாராசூட் உள்ளேயே

வாடிங்கைக் கெட்டியாக அடைத்திருப்பீர்கள், அல்லது பாராசூட்டைக் கஷ்டப்பட்டுத் திணித்திருப்பீர்கள். தீப்பிடிக்காத வாடிங் தாளை மூன்று நான்கு எடுத்துத் தளர்வாகக் கசக்கி விட்டால் போதும். பாராசூட்டைச் சுருட்டிக் குழாயில் விட்டு, வாயால் பின்பக்கம் ஊதினால் அது நகர வேண்டும். வாடிங்குக்குப் பதில் சாதா டிஷ்யூ வைப்பவர்களுக்கு: அது எரிந்துகொண்டே காய்ந்த புல்லில் விழும்.

வெளியே வந்தது, விரியவில்லை

முந்தின நாள் ராத்திரியே மடித்து வைத்தீர்களா? பிளாஸ்டிக் பாராசூட் மடித்த வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளும், குளிரில் இன்னும் மோசம். பறக்கவிடும் இடத்தில், கிளம்புவதற்குச் சற்று முன்பு மடியுங்கள். மடிக்கும் முன் கொஞ்சம் டால்கம் பவுடர். நூல்களைப் பாராசூட்டின்மேல் இறுக்கிச் சுற்றாதீர்கள். உருகி ஒட்டிய உருண்டையாக வந்திருந்தால் வாடிங் போதவில்லை, அந்தப் பாராசூட்டைத் தூக்கிப்போடுங்கள்.

ரப்பர் நாடா அறுந்தது, அல்லது குழாயின் வாய் கிழிந்தது

மூக்கையும் குழாயையும் இணைக்கும் ரப்பர் நாடாவுக்கு ஆயுள் குறைவு, ஒவ்வொரு முறையும் சூடு படுகிறது. இழுத்துப் பார்த்து வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள். ராக்கெட்டின் நீளத்தைப்போல இரண்டு மூன்று மடங்காவது இருக்கட்டும். கெவ்லார் என்ற சூடு தாங்கும் செயற்கை நூல் எளிதில் எரியாது, ஆனால் நீளாது. குழாயின் வாயை ரம்பம்போல அறுப்பது பல சமயம் அதுதான். கிழிந்த இடம் இரண்டு சென்டிமீட்டருக்குள் என்றால் நேராக வெட்டிவிட்டு, வாயின் உள்ஓரத்தில் மெல்லிய சூப்பர் க்ளூ தடவிக் கெட்டியாக்குங்கள். திரும்பத் திரும்பக் கிழிந்தால் மோட்டாரின் தாமத எண் தவறு. இன்னும் வேகமாக ஏறும்போதே பாராசூட் வந்தால் எண் போதவில்லை, மூக்குக் குத்திப் பாய்ந்து இறங்கும்போது வந்தால் எண் அதிகம். கிட்டின் பட்டியலில் உள்ள எண்ணுக்குத் திரும்புங்கள்.

## மோட்டார் வெடித்துவிட்டது

இது அபூர்வம். நடந்தால் மட்டும்தான் மோட்டாரைக் குறை சொல்ல வேண்டும், அதிலும் பாதிப் பழி நமக்கே. வெயிலில் நிறுத்திய காருக்குள் மோட்டாரை வைத்தீர்களா? சிமென்ட் தரையில் விழுந்ததா? சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டாலும், கீழே விழுந்தாலும் உள்ளே கட்டியாக இருக்கும் மருந்தில் வெடிப்பு விழும். வெளியே ஒன்றும் தெரியாது. விழுந்த மோட்டாரை நான் பறக்கவிடுவதில்லை, நேராகத் தண்ணீர் வாளிக்குள்.

உறையின் துண்டுகளை எடுத்து வையுங்கள். அதில் அச்சிட்ட எழுத்தையும் தயாரிப்புக் குறியையும் படம் எடுத்துத் தயாரித்தவருக்கு அனுப்புங்கள். ராக்கெட்டின் மோட்டார் கூட்டைப் பாருங்கள். கருகல் மட்டும் என்றால் துடைக்கலாம், வளையம் பிளந்திருந்தால் கூடு புதிது. காலி உறையில் மருந்து நிரப்புவது, நாசிலைத் துளையிடுவது, வீட்டில் மோட்டார் செய்வது பற்றி யார் கேட்டாலும் என் பதில் ஒரே சொல்தான்: கூடாது.

புல்லில் தீப்பிடித்தால் ஒரு வாளித் தண்ணீருக்கு அடங்குகிறதா பாருங்கள். அடங்கவில்லை என்றால் ராக்கெட்டை மறந்துவிட்டு எல்லோரையும் தள்ளி நிறுத்தித் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

## மின்கம்பியில், மரத்தில், தண்ணீரில்

மின்கம்பியில் மாட்டியதைத் தொடக் கூடாது, குச்சியாலும் கூடாது, கல்லெறிந்தும் கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். எடுத்துத் தருவார்களோ இல்லையோ, ராக்கெட் போனது போனதுதான். உயரமான மரத்தில் மாட்டியதும் அப்படித்தான், காற்று மனசு வைத்தால் இரண்டு நாளில் தானாகக் கீழே கிடக்கும்.

தண்ணீரில் விழுந்ததை எடுத்ததும் மோட்டாரையும் வாடிங்கையும் உடனே உருவிவிடுங்கள். எரிந்த மோட்டார் ஊதிக்கொண்டால் பிறகு கூட்டிலிருந்து வராது. மூக்கைக் கழற்றி, குழாய்க்குள் செய்தித்தாளைத் தளர்வாகச் சுருட்டிவிட்டு, வெயிலில் வைக்காமல் நிழலில் நிற்கவைத்துக் காயவையுங்கள். இரண்டு நாள் கழித்துக் குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள். சுருள்கள் பிரிந்து மெத்தென்று இருந்தால் ஃபின்களைக் கவனமாக வெட்டி எடுத்துப் புதுக் குழாயில் ஒட்டலாம். டக்கென்று கெட்டியாக இருந்தால் மூக்கின் இறுக்கத்தை மட்டும் மறுபடி சரிபார்த்துவிட்டுப் பறக்கவிடுங்கள்.